சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கடைக் கணக்கு ஒன்று போன டிசம்பர் முழுக்க எனக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. பணக் கணக்கு என்றால் ராத்திரி உட்கார்ந்து பில்லைப் புரட்டினால் தீர்ந்துவிடும். இது மருந்துக் கணக்கு. எழுபத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவருக்கு மாதாமாதம் வீட்டுக்கு இன்சுலின் அனுப்புகிறோம். டாக்டர் சீட்டில் அளவு கூடிக்கொண்டே போகிறது. எங்களிடம் வாங்குகிற குப்பி குறைந்துகொண்டே போகிறது. பில் போடும்போது கம்ப்யூட்டர் பழைய பில்லையும் சேர்த்துக் காட்டும். ஒவ்வொரு தடவையும் கண்ணில் படும், மனசு ஒரு நொடி நிற்கும், அதற்குள் அடுத்த ஆள் சீட்டை நீட்டிவிடுவார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மீதி விளங்காது. அவருக்குக் காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட். மொத்தம் 32. நம் ஊரில் பெரும்பாலும் விற்கிற இன்சுலின் குப்பி 10 மில்லி. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும், அதனால் 40 யூனிட் குப்பி என்போம். ஆக ஒரு குப்பியில் 400 யூனிட், பன்னிரண்டு நாள் வரும். மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று குப்பி. வருடக்கணக்காக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஓணத்துக்கு அப்புறம் காலை அளவு 24, 28, 32 என்று ஏறியது. இரவு அளவும் 20 ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால் மாதம் நான்கு குப்பி போக வேண்டும். போனது ஒன்று, சில மாதம் இரண்டு. வேறு கடையில் தள்ளுபடிக்கு வாங்குகிறார்கள் போல என்று முதலில் நினைத்தேன். ஊசிக்குப் பயந்து நாள் விட்டு நாள் போடுகிறாரோ என்றும் நினைத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்கு மாதம் கேட்கவில்லை.

வாசலுக்கு அந்தப் பக்கம்

குமரி மாவட்டத்தில் திங்கள்நகர் பக்கத்தில் சின்ன மெடிக்கல்ஸ் எங்களுடையது. பி.பார்ம் முடித்து, பிறர் கடைகளில் சில வருடம் நின்று, பிறகு சொந்தமாக வைத்தது. வீட்டுக்கு மருந்து அனுப்புவது முன்பெல்லாம் ஒரு உதவி மாதிரிதான் நடந்தது. தெரிந்த பஸ்ஸில் டிரைவர் அண்ணனிடம் கவரைக் கொடுத்தால் ஸ்டாப்பில் ஆள் நின்று வாங்கிக்கொள்வார்கள். 2020 ஊரடங்கில் அது தொழிலாகவே மாறிவிட்டது. அந்த மார்ச் மாதம் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை போட்டு, உரிமம் உள்ள கடைகள் சீட்டைப் பார்த்து வீட்டு வாசலில் மருந்து கொடுக்க வழிசெய்தது. ஊரடங்கு போயிற்று, பழக்கம் போகவில்லை. இந்த மாவட்டத்தில் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிள்ளைகள் துபாயிலோ குவைத்திலோ இருப்பார்கள், இங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும். பிள்ளை அங்கிருந்து வாட்ஸ்அப்பில் சீட்டை அனுப்புவான், ஜிபேயில் பணம் போடுவான், "அம்மாகிட்ட கொடுத்துடுங்க அக்கா" என்பான். இப்போது நூற்றிருபது வீடு வரை போகிறோம்.

கடைக்குள் இருக்கும்வரை மருந்துக்குக் காவல் உண்டு. சாதாரண மருந்துகளுக்குப் படிவம் 20, இன்சுலின், தடுப்பூசி மாதிரியானவற்றுக்குப் படிவம் 21 என்று தனித்தனி உரிமம். 2 முதல் 8 டிகிரிக்குள் பிரிட்ஜ். பார்மசிஸ்ட் கடையில் இருந்தாக வேண்டும். அட்டவணை எச்1 என்ற கட்டுப்பாடு கூடின பட்டியலில் உள்ள மருந்து என்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் பிரிட்ஜைத்தான் திறந்து பார்ப்பார். இதையெல்லாம் நான் மனசார மதிக்கிறவள். ஆனால் அந்தக் குப்பி கடைப்படி இறங்கிய நிமிடத்திலிருந்து என்ன ஆகிறது? பைக் பெட்டிக்குள் எத்தனை டிகிரி, வழியில் எத்தனை வீடு நிற்கிறான், அங்கே யார் கையில் வாங்குகிறார்கள், வாங்கியதை எங்கே வைக்கிறார்கள்? இதை எழுதி வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் இதுவரை நோட்டு கேட்டதில்லை.

2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது நான் இன்னொருவர் கடையில் வேலை பார்த்தேன். நவம்பர் 30 அன்று போன கரண்ட் பல ஊர்களில் நாள்கணக்கில் வரவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல் அலைந்தோம். அப்போது ஒரு வயசான அம்மா இன்சுலின் குப்பியைக் காட்டி, இது இன்னும் ஆகுமா என்று கேட்டார்கள். மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னக் கலயம் வைத்து, ஈரத்துணி மூடி, அதில் குப்பியை வைத்திருந்தார்களாம். குப்பியைத் தொட்டேன், நல்ல குளிர்ச்சி. எங்கள் கடை பிரிட்ஜில் கிடந்தது அப்போது அதைவிடச் சூடாக இருந்தது. திறந்து பயன்பாட்டில் இருக்கிற குப்பியை வெயில் படாமல், 25, 30 டிகிரியைத் தாண்டாமல் வைத்தால் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். உறைந்து போனால் எதற்கும் ஆகாது. அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். வீடுகளில் மருந்தைக் காப்பது எப்படி என்று படிப்பை விட்டு வெளியே நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்

டெலிவரிக்குப் போகிற தம்பி கேரல் குழுவில் பாடுகிறவன். டிசம்பர் கடைசி வாரம் அவனைக் கேட்டுப் பயனில்லை, லீவு கொடுத்துவிட்டேன். மிச்சமிருந்த ஆறு வீட்டுக்கும் நானே ஸ்கூட்டியில் கிளம்பினேன். பெரியவர் வீட்டுப் பையையும் நானே கட்டினேன். இரண்டு குப்பி, அவற்றுக்கு ஏற்ற சிரிஞ்சு முப்பது. சீட்டில் 40 யூனிட் குப்பி என்று கண் பார்த்தது, கை தானாகப் போய்ச் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்தது.

கருங்கல் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு வாழைத்தோட்டத்துக்கு நடுவே இறங்கினால் அவர்கள் வீடு. வாசலில் பெரிய ஸ்டார் கட்டியிருந்தது, திண்ணையில் குடில் பாதி முடிந்திருந்தது. மாமி அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தார்கள். வீடெல்லாம் கருப்பட்டி வாசம். "வா மக்களே, இரி" என்று ஒரு தட்டில் நாலைந்து வைத்துத் தந்தார்கள். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் கடையில் பார்த்த ஆள் இல்லை. கன்னம் ஒட்டிப்போய், கையில் சதை வற்றி, ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழும்புவதாகச் சொன்னார். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சர்க்கரை டெஸ்ட் (எச்பிஏ1சி) 7.6-இல் இருந்து 10.4-க்குப் போயிருந்தது.

மாமி பையைப் பிரித்துச் சிரிஞ்சை எடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இது அந்தக் கலரு இல்லியே. நீங்க இப்பம் கொண்டு வாறது ஆரஞ்சாக்கும்."

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இறங்கிற்று. பிரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பாதி தீர்ந்த குப்பி, பக்கத்தில் மூடி போட்ட சிரிஞ்சுகள். எல்லாம் ஆரஞ்சு மூடி.

மருந்துக்கடைக்காரர்களுக்கு இது அரிச்சுவடி. சிவப்பு மூடி, 40 யூனிட் குப்பிக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் குப்பிக்கு. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு மில்லியை நாற்பது பங்காகக் கோடு போட்டிருக்கும். ஆரஞ்சில் அதே ஒரு மில்லியை நூறு பங்காக. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். மாமா நான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் ஊசி போட்டிருக்கிறார். தினமும் ஐந்தில் இரண்டு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. சர்க்கரை ஏறியது. டாக்டர் "ஊசி ஒழுங்கா போடுறீங்களா" என்று கேட்டிருக்கிறார். போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மைதானே. அவர் அளவைக் கூட்டியிருக்கிறார். "முன்ன சிரிஞ்சுல பாதி வரைக்கும் மருந்து நிக்கும். இப்பம் கொஞ்சம் போலத்தான் நிக்கி. புது ஊசி நல்லதாக்கும், கொறச்சு மருந்துலயே வேல முடியுதுன்னு நெனச்சோம்" என்றார்கள் மாமி.

அந்த நிமிடத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம், சரியான சிரிஞ்சு கையிலேயே இருக்கிறது, கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாக்கெட்டை மாமி கையிலேயே விட்டுவிட்டு எழுந்தும்விட்டேன். அப்புறம் மேசைமேல் இருந்த சீட்டைப் பார்த்தேன். காலை 32. ஆரஞ்சு சிரிஞ்சில் 32 கோடு என்பது 12.8 யூனிட். இதுவரை காலையில் அவர் உடம்பு கண்டது அவ்வளவுதான். சிவப்பு சிரிஞ்சில் 32 கோடு என்றால் நிஜமாகவே 32 யூனிட். நன்றாக இருந்த காலத்தில் அவருக்குப் போதுமாக இருந்ததோ 20. நான் கொண்டுவந்த சரியான சிரிஞ்சில், டாக்டர் எழுதிய அளவை, மாமி வழக்கம்போல ஒழுங்காகப் போட்டிருந்தால், கிறிஸ்துமஸ் அன்று காலை அந்த மெலிந்த மனுஷனுக்குச் சர்க்கரை தரைக்கு இறங்கியிருக்கும். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்து வீடு வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம்.

பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் சொல்றவரைக்கும் புதுச் சிரிஞ்சை அவங்க கையில கொடுக்காதீங்க" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: சிவப்பு மூடியில் காலை 16, இரவு 10; தினம் மூன்று வேளை வீட்டிலேயே சர்க்கரை பார்த்து எழுத வேண்டும்; ஒரு வாரத்தில் நேரில் வர வேண்டும். நான் சீட்டின் பின்பக்கம் எழுதி, 16 கோட்டில் பேனாவால் சிரிஞ்சின்மேலேயே அடையாளம் போட்டு, மாமியை எனக்கு முன்னால் இரண்டு தடவை வெறும் தண்ணீரை இழுத்துக் காட்டச் சொன்னேன். ஆரஞ்சு சிரிஞ்சு அத்தனையையும் எண்ணி என் பையில் போட்டுக்கொண்டேன். பதினேழு இருந்தது.

பில்லில் இருந்தது

கடைக்கு வந்து பழைய பில்லைத் திறந்தேன். ஓணத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை. ஏஜென்சி இரண்டு நாள் மூடியிருந்த நேரம், சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் பிள்ளை, அவசரத்துக்கு ஆரஞ்சை வைத்து அனுப்பியிருக்கிறாள். அது ஒரு நாள் தப்பு. அடுத்த மாதம் பில் போடும்போது முந்தின மாத பில்லை அப்படியே காப்பி எடுத்துப் போடுவோம், நேரம் மிச்சம் என்று. காப்பியில் ஆரஞ்சு உட்கார்ந்துகொண்டது. பிறகு யாரும் தப்பே செய்யவில்லை, அது தானாக மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காப்பி பட்டனை அறிமுகப்படுத்தியது நான். அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் அவளுக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ராத்திரி குவைத்தில் இருக்கிற அவர்கள் மகனுக்குப் போன் செய்தேன். தப்பு எங்கள் கடையுடையது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன், சுற்றி வளைத்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது. அவர் கோபப்பட்டார். கோபப்பட வேண்டியதுதான். "நான் இவ்வளவு தூரத்துல இருந்துட்டு உங்களத்தான நம்புறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, காலைச் சர்க்கரை எவ்வளவு என்று அம்மா படித்துச் சொன்னதை எனக்குப் படித்துச் சொன்னார்.

என் சித்தி மகள் இங்கிலாந்தில், வீட்டுக்கு மருந்து அனுப்புகிற கம்பெனி ஒன்றின் பார்மசியில் இருக்கிறாள். அங்கே அதற்கு ஹோம்கேர் என்று பெயர். ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதுவார்கள், தனியார் கம்பெனிகள் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும், தேவைப்பட்டால் நர்ஸ் போய் ஊசி போடக் கற்றுக்கொடுப்பார். ஐந்து லட்சம் பேருக்கு மேல் அப்படி வாங்குகிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு, நம்மிடம்தான் குறை என்ற எண்ணத்தில் அவளிடம் புலம்பினேன். அவள், "அப்படி நினைக்காதக்கா" என்றாள். 2013-லேயே ராயல் பார்மசூட்டிகல் சொசைட்டி என்ற அங்குள்ள பார்மசிஸ்ட்கள் அமைப்பு இதற்கென்று தர விதிகள் வகுத்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 2023 நவம்பரில், அந்த நாட்டு நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்று விசாரித்துவிட்டுச் சொன்னது, இந்தச் சேவை தவறுவதால் எத்தனை பேருக்கு எவ்வளவு தீங்கு நடக்கிறது என்று அரசுக்கும் தெரியவில்லை, கண்காணிக்கிற அமைப்புகளுக்கும் தெரியவில்லை என்று. அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. ஆனால் அவள் ஒரு உருப்படியான காரியம் சொன்னாள். நடந்த தப்பை மட்டும் எழுதாதே, நடக்க இருந்து தப்பித்ததையும் எழுது, அவர்கள் அதைத் தனியாக எழுதி மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று. மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி அட்டையில் "தப்பியது" என்று எழுதினேன். முதல் பக்கத்தில் என் பெயரே இருக்கிறது: 24-ஆம் தேதி, சிவப்பு மூடி பாக்கெட், கையில் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

இப்போது அந்த நோட்டில் முப்பத்தோரு வரி. ஐஸ் பாக்கெட்டும் இன்சுலினும் உரசிக்கொண்டு போனது ஒன்று. நடுவில் துணியோ பழைய பேப்பரோ இல்லாவிட்டால் குப்பி உறைந்துவிடும். பால் மாதிரி கலங்கலாகவே இருக்கிற வகை இன்சுலின் உறைந்து உருகினால், எவ்வளவு உருட்டினாலும் சேராமல் திரிதிரியாக நிற்கும். ஆள் இல்லை என்று கேட்டில் மாட்டிவிட்டு வந்தது இரண்டு. ஒன்றை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற ஒரு அக்காவுக்கு, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து "காலை 1" என்று கவரில் எழுதிவிட்டோம். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்களைக் கொன்றுவிடும். பைக் கிளம்பிய பிறகு ஞாபகம் வந்து, துரத்திப் போய்க் கவரை மாற்றினோம். இப்போது அந்த மருந்துக்குத் தனிக் கவர், அதன்மேல் "ஞாயிறு மட்டும்" என்று மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்து. நாங்கள் எழுதுவதற்கு முன்னால் எந்தக் கிழமை வசதி என்று அந்த அக்காவிடமே கேட்டோம். ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுவேன், மறக்காது என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர் அக்கா ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து நடையாய் நடக்கிறவர். அவர் புது மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பழைய அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பார். ஒரு வீட்டில் டின் நிறைய மிச்ச மாத்திரை இருந்ததைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். அதை அப்படியே நாங்களும் எடுத்துக்கொண்டோம். காப்பி பட்டன் போய்விட்டது. அனுப்புவதற்கு முந்தின நாள் போன், போய்ச் சேர்ந்ததும் மிச்சத்தை எண்ணல், எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் எனக்குச் சொல்லல். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. நாள் ஒன்றுக்கு நான்கு வீடு குறைந்துவிட்டது. இவ்வளவு கேள்வி கேட்டால் ஆட்கள் ஆன்லைனுக்குப் போய்விடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஏழு வீடு போயிருக்கிறது. அந்த ஏழு பேருக்கு யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு ராத்திரியில் வருகிறது.

மாமாவுக்கு ஏப்ரலில் மூன்று மாதச் சர்க்கரை 7.9. கொஞ்சம் சதை பிடித்திருக்கிறார். போன வாரம் தம்பி அவர்கள் வீட்டில் நின்று போன் செய்தான். "அக்கா, கணக்குப்படி நாலு சிரிஞ்சு மிச்சம் இருக்கணும். ஆறு இருக்கு."

மாமியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ரெண்டு நாளு காய்ச்சலா கெடந்தாவ மக்களே. கஞ்சி கூட இறங்கல. சாப்பிடாம எப்படி ஊசி போட? அதான் போடல. இதெல்லாம் உங்ககிட்ட சொல்லணுமா?"

"சொல்லணும் மாமி. டாக்டர்கிட்டயும் சொல்லணும். போனை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு போனில் டாக்டர் எண்ணைத் தேடினேன்.